ஏற்காடு ஏறி இறங்குற ஆடி டிடி-க்கு காலிப்பர் கவர் மாட்டலாமா?

கன்னங்குறிச்சி வண்டி:

வணக்கம்ங்க. வண்டி ஆடி டிடி, 8ஜே மாடல், 2.0 டிஎஃப்எஸ்ஐ, எஸ்-ட்ரானிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கம்பெனி 18 இன்ச் அலாய் வீல் அப்படியே இருக்கு. ஸ்போக் நடுவுல துருப்பிடிச்ச காலிப்பர் (பேடை அழுத்தி பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கற பாகம்) பளிச்சுனு தெரியுது, பார்க்க நல்லாயில்லை. சிவப்பு காலிப்பர் கவர் மாட்டலாம்னு யோசனை. ஆன்லைன்ல ரெண்டு வகை கிடைக்குது. ஒண்ணு ஏபிஎஸ் பிளாஸ்டிக், சிலிக்கான் பேஸ்ட் வச்சு ஒட்டறது. இன்னொண்ணு அலுமினியத் தகடு, கிளிப் போட்டு போல்ட்ல இறுக்கறது, விலை பல மடங்கு அதிகம்.

வண்டி அடிக்கடி ஏற்காடு போகும். அடிவாரம் வழியா ஏறும், சில சமயம் குப்பனூர் வழியா இறங்கும். இறக்கத்துல பிரேக் சூடாகும்போது கவர் தாங்குமா? காலிப்பருக்குப் போற காத்தைத் தடுக்குமா? மாட்டறதா இருந்தா எதையெல்லாம் அளக்கணும்? தெரிஞ்சவங்க விவரமா சொன்னா உதவியா இருக்கும்ங்க.

சேர்வராயன்:

பிளாஸ்டிக் கவரை இப்போதே கைவிட்டுவிடுங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் சுமார் 105 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். நீங்கள் இறங்கும் மலைக்கு அது போதாது.

கணக்கு இதுதான். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1500 கிலோ எடையுள்ள வண்டி 1200 மீட்டர் இறங்கினால், வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1 கோடியே 76 லட்சம் ஜூல். மின்கட்டண மொழியில் கிட்டத்தட்ட 5 யூனிட். 2000 வாட் கீசர் இரண்டரை மணி நேரம் தொடர்ந்து ஓடினால் வரும் சூடு. இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயர் உருளலும் எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜினும் பிரேக்கும் பங்கு போட்டாக வேண்டும். கியரை டி-யிலேயே விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், இன்ஜினின் பங்கும் டிஸ்க் தலையில்தான் விழும். எஸ்-ட்ரானிக்கை மேனுவலுக்கு மாற்றி, கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பகுதி முழுக்க இரண்டாம் கியரில் வாருங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நேர்ப்பாதையில் அழுத்தமாகப் பிடித்து முழுசாக விட வேண்டும்.

பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கும் வண்டியில் டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டலாம். காலிப்பர் உடல் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் 100-ஐக் கடப்பது கடினமில்லை. இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அடிவாரத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிறோம். ஓடும்போது கிடைத்த காற்று நின்றுவிடும், டிஸ்க்கில் தேங்கிய சூடு காலிப்பருக்கு ஏறும். ஒட்டிய கவர் உருக்குலைவது பெரும்பாலும் இந்த நிறுத்தத்தில்தான். சிவப்பு நிற சிலிக்கான் பேஸ்ட் 300 டிகிரி வரை தாங்கும் என்று விளம்பரம் செய்வார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், ஒட்டும் பரப்பில் துருவும் பிரேக் தூசியும் இருக்கிறதே. பேஸ்ட் தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், இரும்பை அல்ல. அங்கிருந்து பெயர்ந்த கவர் ரோட்டில் விழுந்தால் அதிர்ஷ்டம். வீலுக்கும் காலிப்பருக்கும் நடுவில் சிக்கினால் ஸ்போக்கின் உள்பக்கத்தைச் செதுக்கும், வால்வைத் தட்டிக் காற்றை இறக்கும்.

காற்றுத் தடை பற்றிக் கேட்டீர்கள். முன் டிஸ்க் இரட்டைத் தட்டாக, நடுவே காற்று வழியோடு இருக்கும். அது நடுப்பகுதியிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாக வெளியே தள்ளும். காலிப்பரின் வெளிமுகத்தில் உட்காரும் கவர் அந்த ஓட்டத்தைப் பெரிதாகத் தொடாது. காலிப்பர் தானாக ஆறுவது மட்டும் சற்றுக் குறையும். அலுமினியமாகவும் பின்னால் இடைவெளியோடும் இருந்தால் சமாளிக்கலாம். பிரேக் ஆயில் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பது இதைவிடப் பெரிய விஷயம். டாட் 4 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பின் தர அளவு 155 தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாத ஆயிலோடு இந்த இறக்கத்தில் வரவே கூடாது.

அகச்சிவப்பு வெப்பமானி வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பளபளப்பான அலுமினியப் பரப்பை நேரடியாகக் காட்டினால் உண்மைச் சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டும். மங்கலான கறுப்பு பெயிண்ட்டில் ஒரு பொட்டு வைத்து அதன் மேல் அளக்க வேண்டும்.

லேத் பட்டறை:

தம்பி, கவர் வாங்கறதுக்கு முன்னாடி இடைவெளியை அளந்துடுங்க. காலிப்பர் முகத்துக்கும் ஸ்போக் உள்பக்கத்துக்கும் எவ்வளவு இடம் இருக்குங்கறதுதான் முதல் கேள்வி. கலர், விலை எல்லாம் அப்புறம்.

குழந்தைங்க விளையாடற மாடலிங் களிமண் ஒரு பாக்கெட் போதும். வீலைக் கழட்டிட்டு காலிப்பர் முகத்துல மேல, நடுவுல, கீழ, அப்புறம் ரெண்டு ஓரத்துலயும் கோலிக்குண்டு சைஸ்ல உருட்டி ஒட்டுங்க. அது மேல கொஞ்சம் பவுடர் தூவுங்க, இல்லைன்னா ஸ்போக்கோட ஒட்டிக்கிட்டு வந்துடும். வீலை மாட்டி அஞ்சு போல்ட்டும் கையால இறுக்கி, மெதுவா ஒரு முழுச் சுத்து சுத்துங்க. கழட்டிப் பார்த்தா களிமண் நசுங்கி நிக்கும். வெர்னியர் ஆழக்கம்பியை வச்சு ஒவ்வொரு பொட்டும் எத்தனை மி.மீ.னு எடுங்க. எல்லாத்துலயும் சின்ன அளவு எதுவோ அதுதான் உங்க கணக்கு.

காலிப்பர் தலைமேலயும் ஒரு பொட்டு வைக்கணும். வீல் உள்வட்டத்துல பேலன்சிங் ஈய ஒட்டு இருக்கும் பாருங்க, அது கவர் விளிம்புல இடிக்கும். கவர் மாட்டின பிறகு டயர் மாத்தப் போனீங்கன்னா, ஒட்டு எடையை காலிப்பருக்கு நேரா வைக்காதீங்கன்னு கடையில சொல்லிடணும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். உங்க வண்டியில முன்னாடி இருக்கறது நகரும் காலிப்பர், பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். பேட் தேயத் தேய காலிப்பர் உடம்பு உள்பக்கமா நகர்ந்துக்கிட்டே போகும். அப்படின்னா பேட் தேஞ்சிருக்கும்போது ஸ்போக்குக்கு இடம் தாராளமா தெரியும். புதுப் பேட் போட்ட அன்னைக்கு காலிப்பர் வெளிய வந்துடும், இடம் சுருங்கிடும். தேஞ்ச பேட்டோட அளந்து கவர் மாட்டறவங்களுக்கு, பேட் மாத்தின மறுநாள் ஸ்போக்ல கீறல் விழறது இதனாலதான். அதனால வெளிப்பக்க பேட்ல இப்ப லைனிங் (உரசித் தேயற பகுதி) எத்தனை மி.மீ., புதுப் பேட்ல எத்தனைன்னு பார்த்து, அந்த வித்தியாசத்தைக் களிமண் அளவுல இருந்து கழிக்கணும். டிஸ்க் வெளிமுகம் தேஞ்ச அளவையும் கூடக் கழிங்க.

கழிச்சு வந்த எண்ணுல கவர் எடுத்துக்கற மொத்தக் கனத்தைக் கழிங்க. தகடு மட்டும் இல்லை, காலிப்பர் முகத்துல இருந்து கவர் உச்சி வரைக்கும். மிச்சம் குறைஞ்சது 3 மி.மீ. நிக்கணும். வளைவுல வீலும் பேரிங்கும் கொஞ்சம் வளையும், ஓரத்துச் சரளை உள்ள புகும். அதுக்குத்தான் இந்த 3.

ஐந்து ரோடு:

மேலே சொன்ன கணக்கில் தேறுகிற வண்டிக்கு அலுமினியக் கவர் தாராளமாக மாட்டலாம், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பர் என்றால் இன்னும் சுலபம், பேட் தேய்வதால் அது இடம் மாறாது. மாட்டும் முறையை எழுதிவிடுகிறேன், வேறு வண்டிக்காரர்களுக்கும் பயன்படும்.

சமதளத்தில் நிறுத்தி, பி-யில் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் போல்ட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். காலிப்பரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து பிரேக் கிளீனர் அடியுங்கள். ரப்பர் உறைகளில் கம்பி பிரஷ் படவே கூடாது, சின்னக் கிழிசல் போதும், தண்ணீர் இறங்கி ஸ்லைடு பின் (காலிப்பர் நகர்ந்து போய்வரும் கம்பி) துருப்பிடிக்கும்.

முதலில் போல்ட் இறுக்காமல் கவரை வெறுமனே வைத்துப் பாருங்கள். கிளிப் கொக்கி காலிப்பரின் வார்ப்பு உடலை மட்டும் பிடிக்க வேண்டும். பேட், ஸ்லைடு பின், பிரேக் ஆயிலிலிருந்து காற்று நீக்கும் நிப்பிள், பிரேக் ஹோஸ் எதையும் அது தொடக் கூடாது. காலிப்பர் முகத்தில் குறுக்கே ஒரு ஸ்பிரிங் கம்பி இருந்தால் கவர் அதன் மேல் அழுந்தக் கூடாது. அந்தக் கம்பியின் வேலை காலிப்பரை ஆடாமல் பிடிப்பது. பின்பக்கம், ஹேண்ட் பிரேக்கை ஒருவரை இழுக்கச் சொல்லி, காலிப்பரில் உள்ள அதன் நெம்புகோல் முழு தூரம் போய் வருகிறதா என்று பாருங்கள்.

கிளிப்பும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கவரோடு வரும் கிளிப் மெலிசாக இருந்தால், 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டில் அதே வடிவத்தில் வெட்டி வளைத்துத் தரும் பட்டறை சேலத்தில் தேடாமலே கிடைக்கும். நட்டில் நைலான் வளையம் உள்ள வகை வேண்டாம். நைலான் ஏறக்குறைய 120 டிகிரி வரைதான் நம்பகம், அதற்கு மேல் பிடி விட்டுவிடும். முழு உலோகப் பூட்டு நட்டு அல்லது அதிக வெப்பம் தாங்கும் த்ரெட்லாக் பசை. போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, சின்ன ஆலன் சாவியால் இறுக்குங்கள். அலுமினிய மரையில் பலத்தைக் காட்டினால் மரை வழுக்கிவிடும்.

வீலை மாட்டி, வண்டி தூக்கிய நிலையிலேயே கையால் சுற்றிக் காது கொடுங்கள் (பி-யில் முன் வீல் சுற்றாது, கட்டையும் ஹேண்ட் பிரேக்கும் பிடித்திருக்க என்-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்). லேசான உரசல் கேட்டால்கூட இறக்கக் கூடாது. டிடி-யின் எம்14 போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச் வைத்து நட்சத்திர வரிசையில். ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓட்டிப் பலமுறை பிரேக் பிடித்து, ஆறிய பிறகு கவர் போல்ட்டுகளைத் திரும்பப் பாருங்கள். 100 கி.மீ. கழித்து வீல் போல்ட்டையும் ஒருமுறை. மழைக்காலத்தில் மலைச் சேறு கவருக்குப் பின்னால் அடைந்து ஈரத்தைத் தேக்கும், வீல் கழற்றும்போதெல்லாம் கவரையும் எடுத்துக் கழுவுவது நல்லது.

கன்னங்குறிச்சி வண்டி:

ரொம்ப நன்றிங்க. சொன்ன மாதிரியே அளந்தாச்சு.

முன் வீல்: களிமண் குறைஞ்ச அளவு 12 மி.மீ., ஸ்போக் வளையற இடத்துல. இடது முன் காலிப்பர்ல வெளிப் பேட் லைனிங் 5 மி.மீ., உள் பேட் 3 மி.மீ. வலது பக்கம் ரெண்டும் 5. கடையில புதுப் பேட் லைனிங் அளந்தா 13 மி.மீ. டிஸ்க் கனம் 24 மி.மீ., புதுசு 25-னு சொன்னாங்க.

பின் வீல்: களிமண் 15 மி.மீ. வெளிப் பேட் 9, புதுசு 11.

கவர் மொத்தக் கனம் 5 மி.மீ.னு விற்கறவங்க சொல்றாங்க. முன்னாடி இடம் பத்தலைன்னா 5 மி.மீ. ஸ்பேசர் (வீலுக்குப் பின்னால வைக்கற தட்டு) போட்டு வீலை வெளிய தள்ளலாமா?

லேத் பட்டறை:

அளவு சுத்தமா எடுத்திருக்கீங்க தம்பி. முன்பக்கம் பாருங்க. 12-ல 8 போச்சு, புதுப் பேட் வித்தியாசம். டிஸ்க் தேய்மானம் ரெண்டு முகத்துக்கும் பாதிப் பாதின்னு வச்சா அரை மி.மீ. மிச்சம் மூணரை. அதுல 5 மி.மீ. கவரை வைக்கவே முடியாது. இன்னைக்கு மாட்டினா 7 மி.மீ. இடம் காட்டும், பேட் மாத்தற அன்னைக்கு ஸ்போக் மேல ஏறி நிக்கும். பின்பக்கம் 15-ல 2 போனா 13, கவர் போக 8. பின்னாடி மட்டும் தாராளமா மாட்டலாம். பின்னாடி கவரும் முன்னாடி துருவுமா நிக்கறது நல்லாவா இருக்கும்?

ஸ்பேசர் வேண்டாம். 5 மி.மீ. ஸ்பேசர் போட்டா பழைய போல்ட் ஹப்ல கடிக்கற நீளம் 5 மி.மீ. குறையும். மரை இடைவெளி 1.5 மி.மீ., அப்ப மூணு சுத்துக்கு மேல பிடிப்பு போயிடுது. நீள போல்ட் வாங்கணும், 57.1 மி.மீ. ஹப்ல சரியா உட்கார்ற ஸ்பேசரா தேடணும், ஸ்டியரிங் உணர்வும் மாறும். அழகுக்குப் போடற ஒரு தகட்டுக்காக வீல் பிடிப்புல கை வைக்கறது எனக்குச் சம்மதமே இல்லை.

இன்னொண்ணு. இடது முன்னாடி உள் பேட் 3, வெளிப் பேட் 5-னு எழுதியிருக்கீங்களே, அது எனக்கு உறுத்துது. நகரும் காலிப்பர்ல உள் பேட் மட்டும் சீக்கிரம் தேஞ்சா, பெரும்பாலும் ஸ்லைடு பின் இறுகிப் போச்சுன்னு அர்த்தம். பிஸ்டன் உள்பக்கத்தைத் தள்ளுது, காலிப்பர் நகர மாட்டேங்குது, வெளிப் பேட் பாதி வேலைதான் செய்யுது. விட்டதும் பேட் முழுசா விலகாம உரசிக்கிட்டே சூடும் ஏறும். மலை இறங்கற வண்டிக்கு இது கவரை விட அவசரம். ரெண்டு பின்னையும் கழட்டி, துரு இருந்தா மாத்துங்க, சுத்தமா இருந்தா துடைங்க. கம்பெனி புத்தகத்துல எந்தக் கிரீஸ், இல்லை கிரீஸே இல்லாம மாட்டணுமான்னு பார்த்து அதுபடி செய்யுங்க. சாதா சேசிஸ் கிரீஸ் மட்டும் தடவிடாதீங்க, ரப்பர் உப்பி மறுபடி இறுகிடும். 3 மி.மீ.ல இருக்கற பேட்டையும் இப்பவே மாத்திடுங்க, முன்னாடி ரெண்டு பக்கமும் சேர்த்து.

அஸ்தம்பட்டி பெயிண்ட்:

அப்படின்னா நாலு காலிப்பருக்கும் பெயிண்ட் அடிச்சிடுங்க. கனம் ஒரு மி.மீ. கூட ஏறாது, கழண்டு விழ எதுவுமில்லை, பேட் பார்க்கற ஜன்னலும் மறையாது.

வரிசை முக்கியம். முதல்ல ஸ்லைடு பின், பேட், பிரேக் ஆயில் வேலை முழுக்க முடிச்சிடணும். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் உரிஞ்சு வரும். அதனால காத்து எடுக்கற வேலையைப் பெயிண்ட்டுக்கு அப்புறம் வைக்கவே கூடாது.

ரெண்டு டப்பா கலந்து பிரஷ்ஷால அடிக்கற எபாக்சி வகை காலிப்பர் பெயிண்ட் வாங்குங்க. சைலன்சருக்கு அடிக்கற ஸ்பிரே வேண்டாம். அது சூடு தாங்கும், ஆனா பல டப்பாவுல படிப்படியா சூடேத்திக் காய வைக்கணும்னு போட்டிருக்கும். காலிப்பரை ஓவன்ல வைக்கவா முடியும்? பிரேக் ஆயிலையும் அது எபாக்சி அளவுக்குத் தாங்காது.

ஹோஸைக் கழட்ட வேண்டாம், காலிப்பர் வண்டியிலயே இருக்கட்டும். கம்பி பிரஷ், அப்புறம் 120 உப்புத்தாள், அப்புறம் 320. பிரேக் கிளீனர் நனைச்ச வெள்ளைத் துணியில துடைச்சா துணி வெள்ளையாவே வரணும், அதுவரைக்கும் துடைக்கணும். பாதி பெயிண்ட் உரியறதுக்குக் காரணம் இந்த இடத்துல அவசரப்படறதுதான். டிஸ்க், ஹோஸ், ரப்பர் உறை, நிப்பிள், ஸ்பிரிங் கம்பி ஒட்டற இடம், பேட் எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப். ஸ்பிரிங் கம்பியைக் கழட்டி வச்சுட்டு அடிக்கறது நல்லது, கண்ணாடி போட்டுக்கிட்டுக் கழட்டுங்க, தெறிக்கும். பேட் நகர்ற தடத்துலயும் வீல் உட்கார்ற ஹப் முகத்துலயும் பெயிண்ட் படக் கூடாது. தடத்துல பட்டா பேட் இறுகும், ஹப்ல பட்டா போல்ட் இறுக்கம் நாளடைவுல தளரும்.

கலந்த பெயிண்ட் டப்பாவுக்குள்ளயே கெட்டியாகிடும். டப்பாவுல போட்ட நேரம் மிதமான சூட்டுக்கு எழுதினது, சேலம் வெயில்ல அதைவிடச் சீக்கிரம் இறுகும். ரெண்டு காலிப்பருக்கு வேண்டியதை மட்டும் அளந்து கலக்குங்க, மிச்சத்தை அடுத்த தவணைக்கு. முதல் பூச்சு மெலிசா, கீழ இரும்பு லேசா தெரிஞ்சாலும் பரவாயில்லை. ரெண்டாவது பூச்சு டப்பா சொல்ற இடைவெளியில. ஒரே தடவை தடிமனா இழுத்தா கீழ் விளிம்புல வடிஞ்சு நிக்கும்.

கன்னங்குறிச்சி வண்டி:

தெளிவா ஆயிடுச்சுங்க. கவர் வாங்கலை. ஸ்லைடு பின் வேலை முதல்ல, அப்புறம் பெயிண்ட். ஏற்காட்டுல இருக்கற வீட்டுல கார் ஷெட் இருக்கு, அங்க வச்சு அடிக்கலாமா? எத்தனை நாள் ஓட்டக் கூடாது?

அஸ்தம்பட்டி பெயிண்ட்:

சேலத்துலயே அடிங்க. ஏற்காட்டுல பனி இறங்கற நேரம் இரும்பு மேல கண்ணுக்குத் தெரியாம ஈரம் படியும். அதுல எபாக்சி அடிச்சா மேல வெளுத்து மங்கிடும், பிடிப்பும் இருக்காது. இங்க காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி, ஷெட்டுக்குள்ள. காத்தடிக்கற நாள் வேண்டாம், தூசி வந்து உட்காரும். தொட்டா ஒட்டாத நிலை அன்னைக்கே வந்துடும், வீலை மறுநாள் மாட்டுங்க. முழுசா இறுக ஒரு வாரம் விடுங்க. அந்த வாரம் ஊருக்குள்ள மட்டும் ஓட்டுங்க, பிரஷர் வாஷும் வேண்டாம்.

சேர்வராயன்:

அந்த ஒரு வாரத்தைப் புதுப் பேட் பழகவும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் 200 கி.மீ. அளவுக்கு மிதமான பிரேக்தான்; திடீர் அழுத்தமும் மலை இறக்கமும் வேண்டாம். பேட் மாற்றிய உடனே, வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்துவிடுங்கள். பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும். முதல்முறை ஏற்காடு போய் இறங்கியதும் அடிவாரத்தில் வாட்டர் வாஷ் விடாதீர்கள். சூடான டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணும், விரிசலும் விடலாம். இறங்கி வந்த பிறகு இடது, வலது முன் காலிப்பர்களின் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஸ்லைடு பின் வேலை சரியாக முடிந்திருக்கிறது. இடது இன்னும் தெளிவாக அதிகச் சூடாக இருந்தால் பிஸ்டனே சிக்கியிருக்கலாம். அப்படியானால் காலிப்பர் சீல் கிட் போட வேண்டியிருக்கும்.